ஏற்றத்தில் இழுக்குமா?

1

போன சனிக்கிழமை எங்கள் சின்னக் காரை விற்றுவிட்டோம். வாங்க வந்தவர்கள் ஒரு இளம் தம்பதி. கனடாவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறதாம். தமிழ்க் கடையின் அறிவிப்புப் பலகையில் என் கணவர் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தத் தம்பி காரை இரண்டு சுற்றுச் சுற்றினார். டயரைக் காலால் தட்டினார். பானட்டைத் திறந்து, எதையோ தேடுகிறவர் மாதிரி உள்ளே பார்த்துவிட்டு மூடினார். பிறகு என் கணவரிடம் கேட்டார்.

"அண்ணை, கார் எப்பிடி? ஓட்டம் நல்லமோ?"

என் கணவர் சிவபாலன் யாழ்ப்பாணத்துக்காரர். எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லுகிறவர். அன்றைக்கு மட்டும் என் பக்கம் கையைக் காட்டினார். "அதை அவவிட்டக் கேளுங்கோ தம்பி. ஓடுறது அவதான்."

கேட்டுவிட்டார்கள், விடுவேனா? இருபது நிமிடம் பேசினேன். ஸ்டியரிங் ஒரு விரலுக்கு அடங்கும். மற்றவர்கள் இடமில்லை என்று திரும்பிப்போகும் சந்தில் இது நிற்கும். பின் சீட்டில் மூன்று பேர் இருக்கலாம், மூவரும் ஒருவரோடொருவர் மனஸ்தாபம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். டிக்கியில் ஒரு அரிசி மூட்டை, ஒரு வாரக் காய்கறி, அதற்கு மேல் ஒரு வெங்காயம்கூட ஏறாது. பனிக்காலத்தில் ஹீட்டர் சூடாவதற்குள் நாம் பாதி வழி போயிருப்போம். பெரிய லொறி பக்கத்தில் போனால் கொஞ்சம் நடுங்கும், பயப்படத் தேவையில்லை, லொறி போனதும் சரியாகிவிடும்.

அந்தத் தங்கச்சி முதலில் சிரித்தாள். பிறகு கேட்டாள். "அக்கா, நீங்கள் எவ்வளவு காலமா ஓடுறியள்?"

"நாலு வருசமா."

"கார் வாங்கிப் பத்து வருசம் எண்டு காயிதத்தில போட்டிருக்கே?"

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மிச்சம் ஆறு வருசம் நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்த ஆறு வருசத்தில் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

2

நான் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவள். கீழே ரப்பர், மேலே தேயிலை. தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயம் மேலே, மேக்கணக்கு என்று சொல்லும் பிரிவில் இருந்தது. நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போயிருக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். டவுனில் தபால் கந்தோரில் கிளாக்கராக வந்தவர்தான் சிவபாலன். எப்படிக் கலியாணம் ஆனது என்பது வேறு கதை. தொண்ணூற்று நான்கில், நான்கு வயது மகள் அபிராமியோடு, அவருடைய அண்ணனின் உதவியால் கனடா வந்து சேர்ந்தோம்.

வந்த புதிதில் எனக்கு ஆங்கிலத்தை விடச் சிரமமாக இருந்தது தமிழ்தான். இங்கே சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நான் வாயைத் திறந்தால், "நீங்கள் இந்தியாவோ?" என்பார்கள். இல்லை, கேகாலை மாவட்டம் என்றால், அது இந்தியாவை விடத் தூரம் என்பது போல் பார்ப்பார்கள். கார் விசயத்திலும் இதே கதை. அவர்கள் "கார் ஓடத் தெரியுமோ?" என்று கேட்பார்கள். எங்கள் தோட்டத்தில் கார் ஓடும், ஆள் ஓட்டுவார். ஒரு தடவை என் மச்சாள் கேட்டபோது, "காருதாங்க ஓடும், நான் ஏன் ஓடணும்?" என்று சொல்லி, ஒரு வருசத்துக்குப் பெயர் வாங்கினேன்.

தொண்ணூற்றெட்டில் இந்தக் காரை வாங்கினோம். ஜப்பான் கார், சின்னது, வெள்ளை. வாங்கிய அன்று என் கணவர் என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு. அதை ஊரில் இருந்த என் தம்பிக்கு அனுப்பினேன். படத்துக்குப் பின்னால் "எங்கள் புதிய கார்" என்று மட்டும்தான் எழுதினேன். வேறு ஒரு பொய்யும் எழுதவில்லை. ஆனால் தம்பி பதில் எழுதியிருந்தான்: அக்கா கார் ஓட்டுவதைத் தோட்டமே பார்த்துவிட்டது, எங்கள் ஆட்களில் கார் ஓட்டும் முதல் பொம்பளை நீங்கள்தான். அதைத் திருத்தி எழுதியிருக்கலாம். லைசன்ஸ் பரீட்சை பாஸ் ஆனதும் அதுவும் உண்மையாகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

பாஸ் ஆவது அவ்வளவு லேசாக இல்லை. எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம் என்றார்கள். சந்தோசமாகப் போனேன். கந்தோரில் "மிஸ்டர் பெருமாள்" என்று கூப்பிட்டார்கள். பெருமாள் என் அப்பா. அவர் கொழும்பையே இரண்டு தரம்தான் பார்த்தவர், இங்கே எப்படி வந்தார் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். கடைசியில் அது நான்தான். பிறகு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். அதிலிருந்த தமிழ் என் தமிழும் இல்லை, என் கணவரின் தமிழும் இல்லை. தோற்றேன். அடுத்த தரம் ஆங்கிலத்தில் எழுதிப் பாஸ் ஆனேன்.

அதற்குப் பிறகு ரோட்டில் ஓட்டிக் காட்டும் பரீட்சை. முதல் தரம், பக்கத்தில் இருந்த பரிசோதகர் ஒரு இடத்தில் "புல் ஓவர்" என்றார். எனக்குத் தெரிந்த புல் ஓவர் குளிருக்குப் போடுவது. அன்பாகக் கேட்கிறாரே என்று, "இல்லைங்க, எனக்குக் குளிரவில்லை, நன்றி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே போனேன். ஓரமாக நிறுத்தச் சொன்னாராம். இரண்டாம் தரம், நான்கு பக்கமும் நின்று போகும் சந்தியில், முதலில் வந்தவள் நானாக இருந்தும், நீங்க போங்க, நீங்க போங்க என்று எல்லோரையும் அனுப்பிக்கொண்டு நின்றேன். பின்னால் பதினாறு கார் நின்றது. மூன்றாம் தரம் ஏறி உட்கார்ந்ததுமே பரிசோதகர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சிலேயே எனக்குக் கை கால் ஓடவில்லை.

"விடும். நான் இருக்கிறன்தானே, நான் ஓடுவன்" என்றார் என் கணவர். விட்டுவிட்டேன். ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் விடவில்லை.

3

தம்பி முத்துக்குமார் என்னைவிட ஏழு வயது இளையவன். தோட்டத்துக்கும் டவுனுக்கும் இடையில் பழைய வான் ஒன்றில் ஆட்களை ஏற்றி ஹயர் ஓட்டினான். நான் தோட்டத்தில் இருக்கும்வரை என்னை "நீ, வா, போ" என்றுதான் பேசுவான். கனடாவுக்கு வந்த மறுமாதத்திலிருந்து கடிதத்தில் "நீங்க" ஆகிவிட்டேன். அந்த மரியாதை எனக்குப் பிடித்தும் இருந்தது, கொஞ்சம் குத்தவும் செய்தது.

இரண்டாயிரத்து ஒன்றில் அவனிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்தது. வானின் கியர்பாக்ஸ் போய்விட்டது. இன்னொரு பழைய வான் பார்ப்பதா, இல்லை ஒரு சின்னக் கார் எடுப்பதா என்று யோசிக்கிறான். கொழும்பில் ஒருவர், எங்கள் காரின் அதே வகையை விற்கிறாராம். "நீங்கள் அதைத்தான் ஓட்டுகிறீர்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன்" என்று எழுதி, கீழே கேள்விகளை வரிசையாகப் போட்டிருந்தான். பெட்ரோல் குடிக்குமா? ஏசி போட்டால் வேகம் குறையுமா? ஆறு பேரை ஏற்றலாமா? ஏத்தத்தில் இழுக்குமா? கடைசிக் கேள்விக்குக் கீழே இரண்டு கோடு.

என் கணவர் அப்போது செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சருங்க, நம்ம காரு ஏத்தத்துல இழுக்குமா?" என்றேன்.

"ஏன் இழுக்காமல்? ஹைவேயில நூற்றிருபதில போகுது" என்றார், தலையைத் திருப்பாமலே.

ஹைவே வேறு, மேக்கணக்கு ரோட்டு வேறு என்று எனக்குத் தெரியும். அந்த ரோட்டில் நடந்து வளர்ந்தவள் நான். ஆனால் பேனாவை எடுத்ததும் ஒரு மிதப்பு வந்துவிட்டது. "தாராளமாக இழுக்கும். நானே ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு எடு" என்று எழுதினேன்.

எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் "கார் நன்றாக ஓடுகிறது அக்கா" என்று ஒரு வரி இருந்தது. நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

4

சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டாயிரத்து நான்கு ஆகஸ்டில், பத்து வருசத்துக்குப் பிறகு ஊருக்குப் போனேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் பதினான்கு வயது அபிராமியும். தம்பி விமான நிலையத்துக்கே காரோடு வந்திருந்தான். அதே வெள்ளை, அதே உருவம், ஸ்டியரிங் மட்டும் வலது பக்கம். அபி பழக்கத்தில் டிரைவர் கதவைத் திறந்து ஏறப் போய், மாமாவின் மடியில் உட்கார இருந்தாள்.

கேகாலை தாண்டி, புளத்கொகுபிட்டிய வந்து, டவுனில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் தோட்டத்து ரோட்டில் ஏறினோம். ரப்பர் மரங்களுக்குக் கீழே காற்று ஈரமாக இருந்தது. காலையில் மழை பெய்திருக்கிறது. மேக்கணக்குக்கு ஏறும் பெரிய முடக்குக்கு, அந்தச் செங்குத்து வளைவுக்கு, முன்னால் தம்பி காரை ஓரம் கட்டினான்.

"அக்கா, கொஞ்சம் எறங்குங்க. இந்த மொடக்கு மட்டுந்தான்."

"ஏன்டா?"

"இல்ல, மழ பேஞ்சிருக்கு. ஆளோட ஏறாது. எறங்கி நடந்துட்டா, மேல போயி ஏறிக்கலாம்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் இறங்கினோம். மேலிருந்து எங்களைக் கூட்டிப்போக வந்த லயத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் முடக்கில் நின்றார்கள். அவர்களில் தம்பியின் மனைவி பரமேசுவும் இருந்தாள். ஒரு வயதானவர் சிரித்துக்கொண்டே, "வாம்மா மலரு. ஒன்னையும் எறக்கிவுட்டானா? இந்த காருக்கு நாங்க வச்ச பேரே எறங்குங்க காருதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை.

ஆள் இறங்கியும் கார் ஏறவில்லை. எங்கள் சூட்கேஸ் இரண்டு டிக்கியிலும் இரண்டு பின் சீட்டிலும் இருந்தன. எஞ்சின் கத்தியது, செம்மண் சேறு தெறித்தது, கார் அங்கேயே நின்று வழுக்கியது. தம்பி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். சாவி கையில் இருந்தது.

"அக்கா, ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுடா."

"நீங்க ஒருவாட்டி ஏத்திக் காட்டுங்க. தாராளமா இழுக்கும்னு எழுதுனீங்கதானே. டவுன் கராஜ் சுனில் பாஸ்கிட்ட மூணுவாட்டி காட்டிட்டேன். அவரும் ‘வாகனே ஹொந்தய் மல்லி’ங்கிறாரு, வண்டில ஒரு கொறையும் இல்லையாம். அப்ப என் கையிலதான் கொற. நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு பாத்தா நானும் படிச்சுக்குவேன்."

கிண்டலாகக் கேட்டிருந்தால் நானும் கிண்டலாகத் தப்பியிருப்பேன். அவன் உண்மையாகவே கேட்டான். மூன்று வருசமாக, அக்கா சொன்னது சரி, தன் ஓட்டம்தான் பிழை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

சாவியை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று இன்றும் தெரியாது. ஏறி உட்கார்ந்தேன். அபி பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கனடாவில் எங்கள் காருக்குக் காலடியில் இரண்டு மிதிதான். இங்கே மூன்று இருந்தது. மூன்றாவது எதற்கு என்றுகூட எனக்குத் தெரியாது. வெளியே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அபி பின்னாலிருந்து என் தோளில் ஒரு கையை வைத்தாள், அவ்வளவுதான்.

கதவைத் திறந்து இறங்கினேன்.

"குமாரு, எனக்கு ஓட்டத் தெரியாதுடா."

"நம்ம ரோட்டுல ஓட்டிப் பழக்கம் விட்டுப்போயிருக்கும், பரவால்ல..."

"நான் எந்த ரோட்டுலயும் தனியா ஓட்டல. பரீச்சயில மூணுவாட்டி ஃபெயிலு. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்னு எழுதுனது பொய்யி."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பி என் கையிலிருந்து சாவியை வாங்கினான். "அப்ப மூணு வருசமா..." என்று தொடங்கி, முடிக்காமல் டிக்கியைத் திறந்தான். சூட்கேஸ்களைத் தலையில் தூக்கிக்கொண்டு எல்லோரும் நடந்தோம்.

5

அன்று மாலை முழுவதும் தம்பி என்னோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தான், தலையணை கொண்டுவந்தான், பேசவில்லை. அடுப்பங்கரையில் பரமேசுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். கலியாணத்துக்கு நான் வரவில்லை, அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். என்னை மதினி என்று கூப்பிட்டாள்.

"கோவமா இருக்கானா?" என்றேன்.

"கோவமில்லைங்க மதினி." ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "வான் ஓட்டுன காலத்துல இந்த ரோட்டுல அவர மாதிரி ஓட்ட ஆளே இல்லம்பாங்க. இந்த காரு வந்ததுலருந்து, மொடக்குல ஆளுங்கள எறக்கிவுடுறப்ப அவரு தலையே நிமிர மாட்டாரு. தன்னத்தானே திட்டிக்குவாரு. அக்கா அங்க ஓட்டுறாங்க, எனக்கு ஓட்டத் தெரியலயேன்னுவாரு. ஒங்களுக்கு எழுதக்கூடாதுன்னுட்டாரு, நீங்க வருத்தப்படுவீங்களாம்."

அவன் எழுதிய "கார் நன்றாக ஓடுகிறது அக்கா"வும் என் கடிதத்தைப் போலத்தான் என்று அப்போது புரிந்தது.

மறுநாள் விடிந்ததும் அபி பீலித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டே கேட்டாள். அவளுடைய தமிழ் அப்பாவின் தமிழ். "அம்மா, நீங்கள் ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"பெருமைக்குத்தான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஓகே" என்றாள். வீட்டில் என்னோடு ஒரு நாளைக்கு நான்கு சொல் பேசுகிற பிள்ளை. அவள் அந்தக் காரின் பின் சீட்டில் வாய் திறக்காமல் இருந்ததையும், இந்த ஓகேயையும் நான் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்போது தம்பி சாவியோடு வந்து நின்றான். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது.

"வா. வந்து ஏறு."

"எங்கடா?"

"கிரவுண்டுக்கு. மூணுவாட்டி ஃபெயிலாயிட்டு, வெளிநாட்டுல மானத்த வாங்கியிருக்க. நானாவது சொல்லித்தாறேன்."

பத்து வருசத்துக்குப் பிறகு, நான் மறுபடி "நீ" ஆகியிருந்தேன்.

6

தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் நான் கார் பழகியதைப் பார்க்க, வேலைக்குப் போகிறவர்கள் பத்து நிமிடம் முந்திக் கிளம்பினார்கள். கிளச்சை விட்டால் கார் தவளை மாதிரித் தாவும். "மெதுவா வுடு, மெதுவா. பிள்ளக் காம்பராவுல பிள்ளையத் தொட்டில்ல போடுற மாதிரி வுடு" என்பான் தம்பி. அப்படிச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. கனடாவில் பணம் கட்டிப் படித்தபோது ஒருவரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. மூன்றாம் நாள் மைதானத்தை நிற்காமல் சுற்றினேன். நான்காம் நாள் ரப்பர் மரங்களுக்கு நடுவே, தோட்டத்து ரோட்டில் ஓட்டினேன். எதிரே ரப்பர் பால் வாளியோடு வந்த ஒரு அம்மா ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவ்வளவு தேவைப்படவில்லை என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் நல்ல மழை. கிளினிக் போய்த் திரும்பிய இரண்டு பெண்களையும் பரமேசுவையும் ஏற்றிக்கொண்டு தம்பி டவுனிலிருந்து வந்தான். நான் முடக்கில் குடையோடு காத்திருந்தேன். ஆட்கள் இறங்கப் போனபோது, "எறங்காதீங்க. குமாரு, ஒருவாட்டி அப்படியே ஏத்திப் பாரு" என்றேன். ஏற்றினான். வழுக்கியது. வெளியே நின்றதால் முதல் தடவையாக நன்றாகப் பார்த்தேன். முன் டயர் இரண்டும்தான் சும்மா சுற்றின. பின் டயர் அசையவில்லை.

அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் கட்டடத்துக் கார் நிறுத்தும் இடத்துக்கு ஒரு சரிவு உண்டு. உறைபனி விழுந்த நாளில் கார் அதில் ஏறாது, இப்படியே வழுக்கும். என் கணவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே காரைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றுவார். ஏறிவிடும். ஏன் என்று ஒரு தரம் கேட்டேன். இந்தக் காரை இழுப்பது முன் டயர், ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் சரிந்துவிடும், முன் டயர் பிடிக்காது, திருப்பினால் பாரம் இழுக்கிற டயரின் மேல் வரும் என்றார். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஆறு வருசத்தில் நான் உருப்படியாகக் கேட்டுவைத்தது அது ஒன்றுதான்.

"குமாரு, ஒன் பழைய வானுக்கு எந்த டயரு இழுக்கும்?"

"பின் டயரு. அதுக்குத்தான் பாரமான ஆளயெல்லாம் பின்னுக்குப் போடுவேன். அப்பதான் பிடிக்கும். இதுலயும் அப்படித்தான் போடுறேன்."

"இதுக்கு முன் டயருடா. திருப்பி, பின்பக்கமா ஏத்து."

என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். "ரிவர்ஸ்ல மொடக்கு ஏறவா? பாக்கிறவன் என்ன சொல்லுவான்? மானம் போயிரும்."

"மானம் அன்னைக்கே போயிருச்சு. எனக்குத்தான் போச்சு. நீ ஏத்து."

திருப்பினான். உள்ளே மூன்று பெண்களும் முன் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வது போல் குனிந்து உட்கார்ந்தார்கள். தம்பி ஜன்னலில் தலையை நீட்டி, பின்னால் பார்த்துக்கொண்டே கிளச்சை விட்டான். கார் ஒரு தரம் முனகியது. பிறகு, சந்தைக்குப் போன எருமை வீட்டுக்குத் திரும்புவது போல, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிதானமாக ஏறத் தொடங்கியது. வழுக்கவில்லை. முடக்கின் நடுவில்கூட நிற்கவில்லை. லயத்துப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு கூடவே ஓடினார்கள். பரமேசு உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பு கீழே நின்ற எனக்கும் கேட்டது.

நான் மூச்சு வாங்க மேலே போனபோது தம்பி இறங்கி நின்றான். மழையில் நனைந்துகொண்டே காரின் முன்னால் வந்து, முன் டயரில் கையை வைத்தான். என்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"அப்ப கையில கொற இல்ல."

நான் குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "சரி சரி, எல்லாம் நனையுது, வா" என்றான்.

அதற்குள் பரமேசு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "மதினி, அவர எனக்கும் சொல்லிக்குடுக்கச் சொல்லுங்க."

"ஒரு ஆளுக்குச் சொல்லிக்குடுத்ததுக்கே இடுப்பு வலிக்குது" என்றான் தம்பி. ஆனால் மறுநாள் காலை மைதானத்தில் நாங்கள் இரண்டு பேர் நின்றோம்.

7

அந்த நவம்பரில் நான்காம் தரமாகப் பரீட்சைக்குப் போனேன். புல் ஓவர் என்றார், ஓரம் கட்டினேன். சந்தியில் என் முறை வந்ததும் யாரையும் உபசரிக்காமல் போனேன். பின்னுக்கு எடுக்கச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் அதிகமாகவே நன்றாக எடுத்துவிட்டேன். பரிசோதகர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கே பழகினீர்கள்?" என்றார். தோட்டத்துப் பெயரைச் சொன்னேன். அது நகரத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார்.

அங்கே தம்பி ஆட்களை மாற்றி உட்காரவைக்கப் பழகினான். பாரமானவர்கள் முன்னுக்கு, மழை என்றால் பின்பக்கமாக ஏற்றம். இரண்டு வருசம் கழித்து மறுபடி ஒரு வான் எடுத்தான். அவனுக்கு வான்தான் சரி. கார் பரமேசுவின் கைக்கு வந்தது. சிங்களத்திலேயே எழுத்துப் பரீட்சை எழுதி, முதல் தரத்திலேயே லைசன்ஸ் எடுத்துவிட்டாள். நான் தமிழில் எழுதித் தோற்றதை அவளிடம் சொல்லவில்லை. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு கிளினிக் போகிறவர்கள் என்று தினமும் ஓட்டுகிறாள்.

கார் விற்ற மறுநாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, ஊருக்குப் போன் எடுத்தேன், அங்கே திங்கள் காலை. பரமேசுதான் எடுத்தாள். விசயத்தைச் சொன்னேன். வேறு ஒன்று வாங்க வேண்டும், என் கணவர் ஒரு பெரிய காரைப் பார்த்து வைத்திருக்கிறார் என்றேன்.

"மதினி, கொஞ்சம் பொறுங்க. வாங்குறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்றாள்.

"கேக்கத்தானே எடுத்தேன்" என்றேன். உண்மையில் அதற்காக எடுக்கவில்லை.

"அந்த காருல யாரு யாரு ஏறுவாங்க? அத மொதல்ல சொல்லுங்க."

தம்பி நான்கு பக்கம் எழுதிக் கேட்டபோது, அவனிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. யோசித்துப் பார்த்தேன். அபி செப்டம்பரில் வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறாள், பாதி ஆங்கிலத்தில். என் கணவர் வேலைக்கு ரயிலில் போகிறார், அதுதான் சௌகரியம் என்கிறார். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்தேன்.

"நான் மட்டுந்தான் பரமேசு" என்றேன்.

அந்தப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் காரில் ஏறி உட்காருவதும் கதவு அடிபடுவதும் கேட்டது. நேரமாகிவிட்டது போலிருக்கிறது.

"அப்ப சின்னதே போதும் மதினி" என்றாள். "ஆனா பின் சீட்டு நல்லா அகலமா பாத்து எடுங்க. நாங்க வந்தா எங்க ஒக்காருறது?"